கைப்பேசியும் கல்லெறியும்

ஆலங்காயத்தை அடுத்து, சவ்வாது மலைமீது காவலூரிலே ஒரு கண்ணாடி இருக்கிறது. 2.34 மீட்டர் அகலம்! 1986ஆம் ஆண்டிலிருந்து வானத்தை ஆராய்ந்து வருகிறது. வைணு பாப்பு என்ற விஞ்ஞானியின் பெயரைத் தாங்கி, எட்டாத தொலைவிலே எரியும் விண்மீனையும் மனிதன் அறியத் துணைநிற்கிறது.

மலையை விட்டு இறங்கினால், அடிவாரத்திலே ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு கண்ணாடி! கைப்பேசிக் கண்ணாடி! விண்ணை அளக்க வேண்டாம்; மண்ணிலே வாழும் பெண்ணை மதிக்கவாவது அது பயன்படுகிறதா என்று கேட்கிறோம். தேநீர்க் கடைப் பெஞ்சிலே நாலு தலைகள் ஒரு திரைமீது கவிழ்ந்திருக்கின்றன. திரையிலே ஒரு பெண், நேரலையில் பாடுகிறார், ஆடுகிறார், பேசுகிறார். பார்ப்போர் அனுப்பும் காசுதான் அவருக்குக் கூலி. கீழே வந்து விழும் வசைகளோ வாயால் சொல்லத் தகாதவை. அந்த நாலு தலைகளில் ஒன்று நம் தோழருடையதாக இருந்துவிட்டால்? அந்தக் கவலைதான் நம்மை எழுத வைக்கிறது.

“கேமரா முன்னே வந்து நிற்கிறவள்தானே! ஏச்சையும் வாங்கிக்கொள்ளட்டுமே!” இப்படி வாதாடுகிறார்கள். விந்தையான வாதம்! ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் தொழிற்சாலைக்குப் போகும் தொழிலாளி நாற்றத்தைச் சகிக்கிறார். அது தொழிலின் சுமை. மேஸ்திரி கன்னத்தில் அறைந்தால் அதுவும் தொழிலின் சுமையா? சங்கக் கொடி பிடித்து வாயிலிலே நிற்க மாட்டோமா? உடல் உழைப்பை விற்ற காரணத்தாலே மானத்தையும் விற்றவர் ஆகிவிடவில்லை தொழிலாளி. அந்த நீதி நமக்கு ஒன்று, கேமரா முன் நிற்கும் சகோதரிக்கு வேறொன்றா?

தோழர்களே! நம் வரலாற்றைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மேடையிலே வளர்ந்த இயக்கம் நமது இயக்கம். நாடகம் நமக்குப் படைக்கலன். அதற்காக நமக்குக் கிடைத்த பட்டம் என்ன? “கூத்தாடிகள்!” அந்த ஏளனத்தைத் தாங்கித்தான் 1967இல் கோட்டைக்குள் நுழைந்தோம். 1929ஆம் ஆண்டிலேயே செங்கற்பட்டு மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்ட மரபிலே வந்தவர்கள் நாம். “கூத்தாடி” என்ற கல்லை நெற்றியிலே வாங்கியவன், அதே கல்லை எடுத்து இன்னொரு கலைஞர்மீது எறியலாமா?

சிலர் உடலழகையே முதலாக வைத்துக் கேமரா முன் நிற்கிறார்கள். அத்தொழிலை நாம் போற்றவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அவருக்கும் மானம் உண்டா, இல்லையா என்பதுதான் கேள்வி. உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1990இலேயே சொல்லிவிட்டது. மகாராஷ்டிரத்திலே ஒரு காவல் ஆய்வாளர், இரவு நேரத்தில் ஒரு பெண்ணின் குடிசைக்குள் நுழைந்தார், வேலையை இழந்தார். “அவள் நடத்தை சரியில்லாதவள், அவள் பேச்சை நம்பலாமா?” என்று வாதாடினார்கள். நடத்தை எதுவாயினும் அவளுடைய வாசலை மீறும் உரிமை எவனுக்கும் இல்லை என்று தீர்ப்பு வந்தது. பாலியல் தொழிலாளிக்கும் கண்ணியமாக வாழும் உரிமை உண்டு என்று 2022 மே மாதத்தில் அதே நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்தியது.

அதற்கும் மேலே ஒன்று. ஒரு பெண் தம் அந்தரங்கத்தைப் படம் எடுக்கச் சம்மதித்திருந்தாலும், அதைப் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்பியவன் குற்றவாளி. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த இந்த விளக்கம், இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவில் இருக்கிறது. எடுக்கச் சம்மதம் வேறு, பரப்பச் சம்மதம் வேறு! “அவளே காட்டினாள், நான் அனுப்பினேன்” என்று கூறுகிறவன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்கிறான்.

பின் ஏன் அந்தச் சகோதரிகள் காவல் நிலையத்திற்கு வரத் தயங்குகிறார்கள்? மிரட்டுகிறவன் கெட்டிக்காரன். நேரலையைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்கிறான். ஊரைக் கண்டுபிடிக்கிறான். அண்ணனுக்கு அனுப்புவேன், அப்பனுக்கு அனுப்புவேன் என்கிறான். பணம் கேட்கிறான். “ஆபாசம் பரப்பினாய் என்று உன்னையே உள்ளே போடுவார்கள்” என்று அச்சுறுத்துகிறான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவு, ஆபாசத்தை வெளியிடுவோரைத் தண்டிக்கிறது. அதைத்தான் கத்தியாகக் காட்டுகிறான். சட்டத்தைக் கண்டு திருடன் அஞ்சவேண்டும். இங்கே பறிகொடுத்தவர் அல்லவா அஞ்சுகிறார்!

கேமரா பக்கமே போகாதவர்களையும் இக்கொடுமை விடவில்லை. 2016 ஜூன் மாதம் சேலம் மாவட்டத்திலே ஓர் இளம்பெண்ணின் முகத்தை எடுத்து ஆபாசப் படத்தோடு ஒட்டி முகநூலில் போட்டார்கள். புகார் கொடுத்தும் விசாரணை நகரவில்லை. பெற்றோரே தம்மை நம்பவில்லை என்ற வேதனையை எழுதி வைத்துவிட்டு அந்தப் பெண் உயிரை விட்டார். பிறகு காவல்துறை அதிகாரி மன்னிப்புக் கேட்டார். போன உயிர் வந்ததா? அவரைக் கொன்றது ஒட்டுப்படம் மட்டுமா? “நெருப்பில்லாமல் புகையுமா” என்று பேசிய ஊரும் சேர்ந்துதான் கொன்றது!

ஆகவே செய்யவேண்டியதைச் சொல்கிறோம். கேட்டுக்கொள்ளுங்கள்; வீட்டுப் பெண்களிடமும் சொல்லுங்கள்.

மிரட்டுகிறவனுக்குக் காசு கொடுக்காதீர்கள். கொடுத்தால் மறுபடியும் கேட்பான். ஆத்திரத்தில் செய்திகளை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கணக்கின் பெயர், இணைப்பு, நாள், நேரம் அத்தனையும் குறித்து வைத்த பிறகே அவனைத் தடை செய்யுங்கள். நேரலை நடத்துகிறவர்கள் தொழிலுக்குத் தனி எண், தனிப் பெயர் வைத்துக்கொள்ளட்டும். சன்னல் வழியே தெருவும் கடைப்பலகையும் தெரியாமல் பார்த்துக்கொள்ளட்டும். வசைச் சொற்களை வடிகட்டும் வசதியைப் பயன்படுத்தட்டும். 1930 என்ற எண் இருக்கிறது. தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலே, பெண்களுக்கு எதிரான இத்தகைய குற்றங்களைப் பெயரை வெளியிடாமலும் தெரிவிக்கலாம். ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. என்ற தளம், படத்தைக் கேட்பதில்லை. படத்தின் எண் அடையாளத்தை மட்டும் பெற்று, தன்னோடு சேர்ந்த நிறுவனங்களில் அது பரவாமல் தடுக்க உதவுகிறது. 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞரின் வழக்கிலே, அந்தரங்கக் காட்சிகளை 48 மணி நேரத்திற்குள் நீக்க நடவடிக்கை எடுக்குமாறு ஒன்றிய அரசுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதையும் நினைவில் வையுங்கள்.

காவல் நிலையத்துக்கு அந்தச் சகோதரி தனியே போகவேண்டுமா? கிளைச் செயலாளர் எதற்காக இருக்கிறார்? பட்டாவுக்கு உடன் போகிறோம், ரேஷன் அட்டைக்கு உடன் போகிறோம், இதற்கும் போவோம். “ஏனம்மா இந்த வேலைக்குப் போனாய்?” என்று கேட்காமல் போவோம்.

இறுதியாக, கழகத் தோழருக்குக் கண்டிப்பாக ஒன்று. மாற்றுக் கட்சிப் பெண் பேசினாலும், நமக்குப் பிடிக்காத பாடகி பேசினாலும், பதில் கருத்துக்குத்தான், உடலுக்கு அல்ல. 2012இல் பாடகி சின்மயி தமக்கு நேர்ந்த இணைய வசைகள் பற்றிப் புகார் கொடுத்தார்; கைதுகள் நடந்தன. அவருடைய கருத்துகள் பலவற்றோடு நமக்கு உடன்பாடில்லை. அதனால் என்ன? கருத்தை மறுக்க நம்மிடம் காரணம் இருக்கிறது. காரணம் தீர்ந்து போனவன்தான் சேற்றை அள்ளுவான். நம் கொடியைப் படமாக வைத்துக்கொண்டு ஒருவன் பெண்ணை ஏசினால், எதிரி நமக்குச் செய்ய முடியாத இழிவை அவன் செய்கிறான்.

நாளை உங்கள் கைப்பேசிக்கு ஒரு படம் வரும். “பார், பார்!” என்று ஒரு நண்பன் அனுப்பியிருப்பான். அடுத்தவருக்கு அனுப்ப ஒரு விரல் போதும். அழிக்கவும் ஒரு விரல் போதும். அனுப்பியவனிடம் சொல்லுங்கள்: “தம்பி, இது குற்றம்; இனி அனுப்பாதே.” சுயமரியாதை என்ற சொல்லை மேடையிலே முழங்குவது எளிது. பெஞ்சிலே உட்கார்ந்திருக்கும்போது, கையிலே கைப்பேசி இருக்கும்போது, யாரும் பார்க்காதபோது, அந்தச் சொல்லைக் காப்பாற்றுகிறவனே தோழன்!