பொதுக்குளத்து மீனும் பாசி ஏலமும்

திருத்தணி மலையடிவாரத்துச் சரவணப் பொய்கை புண்ணிய தீர்த்தமாதலால், மீன்பிடிப்பு பற்றிய பேச்சுக்கு அங்கே இடமில்லை. சுற்றுக் கிராமங்களின் பொதுக்குளங்கள் விஷயம் வேறு. 1960-ஆம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி எல்லை மாறி இத்தாலுகா சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது. குளங்களின் இயல்போ மாறவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிக் கோடையில் வற்றும் இவற்றில், பயிரும் கால்நடையும் மீனும் ஒரே ஜலத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மீன்பாசி உரிமையை ஒரு வருஷத்திற்கே ஏலம் விடுமிடத்தில், குத்தகைதாரர் மறுவருஷத்தைப் பற்றிக் கவலைப்படக் காரணமில்லை. சிறுகண் வலையால் குஞ்சுகளையும் வாரி, எஞ்சிய நீரை இறைத்துவிடுவதே அவருக்கு லாபம். ஊருக்கோ இரட்டை நஷ்டம்: மாடுகளுக்குக் குடிநீர் இல்லை, தாய்மீனும் இல்லை. அதிகத் தொகை கேட்டவருக்கே கொடுத்தோம் என்பது இதற்குத் தக்க சமாதானமாகாது.

நஞ்சிட்டும் வெடிவைத்தும் மீன் கொல்வது 1897-ஆம் வருஷத்து இந்திய மீன்வளச் சட்டத்திலேயே குற்றமாக்கப்பட்டது. ஆயினும் அத்தகைய செயலை முதலில் அறியக்கூடியவர்கள் கிராம அதிகாரிகளே. அவர்கள் கண்டும் வாளாவிருப்பின் சட்டம் ஏட்டளவில் நின்றுவிடும்.

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டைகள் தேங்கிய நீரில் தாமாக இனம் பெருக்குவதில்லை. முன்னாளில் ஆறுகளிலிருந்தே குஞ்சு சேகரிக்க நேர்ந்தது. 1957-ஆம் வருஷம் ஜூலை 10-ந் தேதி ஹீராலால் சௌதுரி என்னும் விஞ்ஞானி ஒரிஸ்ஸாவில் ஊசிமருந்தினால் கெண்டைகளை முட்டையிடச் செய்தபின் அக்குறை நீங்கிற்று. கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுவிலும், மிர்கால் அடியிலும் இரை தேடுமாதலால் மூன்றையும் கலந்து விடலாம். மற்ற மீன்களை அழிக்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தியை விடுதல் ஆகாது. அதனை வளர்ப்பது அரசாங்கத்தாரால் தடுக்கப்பட்டுள்ளது.

நீண்ட குத்தகையால் குளம் ஒருவர் கைக்குள் அடங்கிவிடும் என்று சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் நியாயமே, காலத்தைக் குறைப்பது அதற்குப் பரிகாரமன்று, நிபந்தனைகளை ஏலத்திற்கு முன்பே எழுதிவைப்பதே பரிகாரம். குளத்தின் ஆழமான மூலையில் கோடை முழுதும் நீர் நிற்க வேண்டும். சிறுகண் வலை கூடாது. வருஷந்தோறும் குஞ்சு விட வேண்டும். தூண்டிலிடும் ஏழைகளுக்கு ஒரு கரை ஒதுக்கப்பட வேண்டும். கிடைக்கும் தொகையில் ஒரு பாகம் தூர்வாரவும் கரை பலப்படுத்தவும் செலவாதல் நலம். வயலுக்கு எருவிட்டே விளைச்சல் எதிர்பார்க்கும் குடியானவர், குளத்தினிடம் மட்டும் ஒன்றும் இடாமல் அறுவடை கேட்பது முறையன்று.