உமி பற்றும் உலோகம்

திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். நீரின் மேன்மைக்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. அந்நீரில் கலக்கும் மாசுகளுள் கொடியது கன உலோகம். காய்ச்சினாலும் அது அழியாது. காலம் கடந்தாலும் சிதையாது.

சென்னையின் தென்புறத்தே குரோம்பேட்டை என்றோர் ஊர் உண்டு. குரோம் தோல் தொழிற்சாலையால் அமைந்த பெயர் அது. முன்னாளில் நம்மவர் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டனர். பின்னர்க் குரோமிய உப்பு வந்தது. வாரக்கணக்கில் நடந்த பணி ஓரிரு நாளில் முடிந்தது. ஆனால் வழக்கமான முறையில் இடப்படும் உப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோலில் சேராமல் கழிவுநீரோடு போய்விடுகிறது.

விளைவு யாதென்பதைப் பாலாற்றங்கரை காட்டிற்று. 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பீடு செலுத்த வேண்டும் என்னும் நெறியை வலியுறுத்தி, அப்பகுதித் தொழிற்கூடம் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. ஏறத்தாழ 28 ஆண்டுகளுக்குப் பின், 2025 ஜனவரியிலும் அதே ஆற்றுக்காக அந்நீதிமன்றம் ஆணை பிறப்பிக்க நேர்ந்தது. நோய் தீரவில்லை என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

இந்நோய்க்குத் தாவரங்களிலும் மருந்துண்டு என அறிவியல் கூறுகிறது. நெல் உமி, தென்னை நார்க்கழிவு, நிலக்கடலைத் தோல், மரப்பட்டை ஆகியவற்றின் மேற்பரப்பிலுள்ள வேதித் தொகுதிகள் நீரிலுள்ள உலோக அயனிகளைப் பற்றிக்கொள்கின்றன. அமிலத்தன்மை மிக்க நீரில், நச்சு மிகுந்த ஆறு இணைதிறன் குரோமியத்தை, நச்சுக் குறைந்த மூன்று இணைதிறன் நிலைக்கு மாற்றவும் இவை உதவுகின்றன. அன்று தோலைப் பதனிட்ட பட்டையே இன்று குரோமியத்தைப் பிடித்து நிறுத்துமெனில், அது வியப்பன்றோ!

எனினும் ஒன்றை மறத்தலாகாது. உமி உலோகத்தை அழிப்பதில்லை. தன்னிடத்தே வாங்கி வைத்துக்கொள்கிறது. அவ்வுமியை வயலில் கொட்டினால் நஞ்சு மீண்டும் மண்ணுக்கே திரும்பும். கண்ட இடத்தில் எரித்தால் சாம்பலில் தங்கும். இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற ஒரு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவுக்குவியல், திடக்கழிவைப் புறக்கணித்தால் என்ன நேரும் என்பதற்குக் கண்கண்ட பாடம்.

ஆகவே, உமி முதல் மருந்தன்று. இறுதிக் காவல் என்பதே எம் கருத்து. முதற்கண் குரோமியத்தைக் குறைவாக இடுதல் வேண்டும். எஞ்சியதைத் தனியே பிரித்து மீண்டும் பயன்படுத்தல் வேண்டும்; அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அதற்குரிய வழியை வகுத்தளித்துள்ளது. அதன் பின்னரும் நீரில் தங்கும் சிறு அளவை உமியும் பட்டையும் ஈர்க்கட்டும். உலோகம் ஏறிய உமி எடை போடப்பட்டு, கணக்கில் எழுதப்பட்டு, பாதுகாப்பான கிடங்கைச் சேரட்டும்.

தோல் வணிகம் நம் பெரியோர் பலருக்கு வாழ்வளித்தது. மேல்விஷாரத்து வள்ளல் நவாப் சி. அப்துல் ஹக்கீம் போன்றோர் அவ்வணிகத்தில் ஈட்டிய செல்வத்தைக் கல்விக்கு வாரி வழங்கினர். அக்கொடை மரபு இனி நீருக்கும் நீளுதல் வேண்டும். தொழிற்கூடத்தார் தம் கழிவுநீரை மாணவர் ஆய்வுக்குத் திறந்து தரட்டும்; மாணவர் ஆய்வுக்கூடத்துக் குடுவையில் கண்ட வெற்றியை ஆலையின் வாய்க்காலில் சோதித்துக் காட்டட்டும். பணம் தந்த தொழிலே பாலாற்றின் தாகத்தையும் தீர்க்குமாயின், அதனினும் சிறந்த அறம் வேறில்லை.