யாழினின்னு பேர் வைக்கலாமா?

வங்கி உத்தியோகத்தில் சம்பளம் போக ஒரு உபரி வருமானம் உண்டு. தப்பா நினைக்காதீங்க, பெயர்களைச் சொல்கிறேன் :-) ஒரு நாளைக்கு நூறு பெயராவது கண்ணில் படும். இருபது வருஷத்துக்கு முந்தி கணக்குத் துவங்க வந்த பெண்குழந்தைகள் எல்லாம் பிரியா, திவ்யா, ஐஸ்வர்யா. அப்புறம் ஒரு பத்து வருஷம் 'ஷ்' இல்லாமல் பெயரே கிடையாது. இப்போது நம்ம ஆட்களின் படிவங்களில் வேறு வரிசை: மகிழினி, இதழினி, ஆதிரை, யாழினி.

இந்த யாழினி பற்றித்தான் இன்றைக்கு. ஈஜிபுராவில் நான் குடியிருக்கும் தெருவில் மூன்று வீட்டுக்கு ஒரு தமிழ் வீடு. பேர் வைக்கும் பேச்சு வந்தால் "சார் பேங்க்ல இருக்காரு, அவரைக் கேளுங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். நான் படித்ததோ பி.காம். ஆனாலும் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லணுமே. கேள்வி எப்போதும் ஒன்றேதான்: "யாழினின்னு வைக்க ஆசை. ஆனா இந்த ஊர்ல யாருக்கும் வாயில நுழையாதே, என்ன பண்றது?"

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராளமா வைங்க. ஆனால் பிறப்புச் சான்றிதழ் வாங்குவதற்கு முன் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அர்த்தம். பெயர்ப் பட்டியல் போடும் தளங்களில் யாழினிக்கு 'இனிமையான இசை' என்பதில் ஆரம்பித்து 'சரஸ்வதி' வரை எல்லாம் போட்டிருக்கிறார்கள். அவ்வளவு சுற்ற வேண்டியதில்லை. யாழ் என்பது நம் பழைய நரம்புக்கருவி. வில் மாதிரி வளைந்த தண்டில் நரம்பு கட்டி விரலால் மீட்டுவது. ஏழு நரம்பு உள்ள செங்கோட்டியாழ் முதல் இருபத்தொரு நரம்பு உள்ள பேரியாழ் வரை வகைகள் உண்டு. பத்துப்பாட்டில் சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை என்று இரண்டு நூல்கள் இருக்கிறதே, சிறிய யாழ் வைத்திருந்தவர்கள் சிறுபாணர், பேரியாழ் வைத்திருந்தவர்கள் பெரும்பாணர். அந்தப் பாணர் வீட்டுப் பெண்ணுக்குப் பாடினி என்று பெயர். பாடுகிறவள் பாடினி என்றால் யாழை உடையவள் யாழினி. கணக்கு நேராக இருக்கிறது. யாழ் போல இனியவள் என்று பிரித்துச் சொல்கிறவர்களும் உண்டு. கேட்க அழகாக இருப்பதால் நான் சண்டைக்குப் போவதில்லை.

பொருள் இவ்வளவு பழசாக இருந்தாலும் பெயர் பழசு இல்லை. நம் பாட்டிகள், கொள்ளுப்பாட்டிகளில் யாழினி உண்டா? எல்லோரும் அலமேலு, அஞ்சலை, பாப்பாத்திதான். 1916இல் மறைமலை அடிகள் தனித்தமிழ் இயக்கத்தை ஆரம்பித்து, வேதாசலம் என்ற தன் பெயரையே மாற்றிக்கொண்டார். பின்னால் திராவிட இயக்கத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். (இரண்டு புதுப் பெயரிலும் ழ வந்து உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள்.) அங்கே ஆரம்பித்த பழக்கத்தின் பேத்திதான் யாழினி. தாத்தா காலத்துத் தமிழ்ப்பெயர் மேடைக்கு ஏற்ற நீளத்தில் இருந்தது. பேத்தி காலத்தில் அது மூன்று எழுத்துக்குச் சுருங்கிவிட்டது.

இந்தப் பெயர் பிடித்துப்போனதற்கு நான் கண்ட காரணம் ஒன்று உண்டு. நளினி, மாலினி, பத்மினி என்று கேட்டுக் கேட்டு நம் காது பழகியிருக்கிறது. மாலை அணிந்தவள் மாலினி, தாமரை உடையவள் பத்மினி, இதெல்லாம் வடமொழிக் கணக்கு. யாழினி தமிழ்க் கணக்கு. ஆனால் ஓசை ஒன்று. அதனால் நளினிப் பாட்டிக்கும் யாழினிப் பேத்தி அந்நியமாகத் தெரிவதில்லை. முழுக்கத் தமிழாக இருந்தும் மாமியார் மருமகள் இருவரும் ஒத்துக்கொள்கிற பெயர் என்றால் சும்மாவா!

ஈழத்து நண்பர்களுக்கு இதில் இன்னொரு பொருளும் கேட்கும். யாழ் பாடிய பாணன் ஒருவனுக்குப் பரிசாகக் கிடைத்த மணல் பூமிதான் யாழ்ப்பாணம் என்று ஒரு கதை உண்டு. அவர்கள் 'யாழ்' என்று சொன்னாலே ஊரைத்தான் சொல்கிறார்கள். லண்டனிலோ டொரண்டோவிலோ பிறந்த குழந்தைக்கு அப்பெயர் வைக்கும்போது, விட்டுவந்த ஊரும் கூட வருகிறது.

கருவி என்னவோ வழக்கொழிந்து போனது. வீணை வந்து அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. ஈழத்து விபுலானந்த அடிகள் வருஷக்கணக்கில் ஆராய்ந்து 'யாழ் நூல்' எழுதினார். 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது, அதே வருஷம் அவரும் காலமானார். சமீப வருஷங்களில் தருண் சேகர் என்ற இளைஞர் யாழைத் திரும்பச் செய்து வாசித்தும் காட்டியிருக்கிறார். இருந்தாலும் நம்மில் பெரும்பாலோர் யாழைக் கண்ணால் பார்த்ததில்லை. குழந்தை "யாழ்னா என்னப்பா?" என்று கேட்டால் காட்ட ஒரு படமாவது வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ழ-வுக்கு வருவோம். "கன்னடக்காரங்க யாளினின்னுதான் கூப்பிடுவாங்க" என்று வருத்தப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. கன்னடத்திலும் ழ இருந்தது. ஹளகன்னட எழுத்தில் அதற்குத் தனி வடிவமே உண்டு. 13ஆம் நூற்றாண்டில் கேசிராஜர் எழுதிய 'சப்தமணிதர்ப்பணம்' என்ற கன்னட இலக்கணம் அந்த எழுத்தைப் பற்றிப் பேசுகிறது. பேச்சில் அது மெல்ல ள-வாகிவிட்டது. நம் மழை அவர்களுக்கு மளெ, கோழி கோளி, ஏழு ஏளு, வாழை பாளெ. தெலுங்கில் இன்னும் ஒரு படி மேலே போய் கோழி கோடி ஆனது, ஏழு ஏடு ஆனது. கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் அந்தப் பழைய கன்னட ழ-வுக்கும் ஓர் இடம் உண்டு, என்ன, தவறுதலாக 'ஃபா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எழுத்துக்கே பெயர் வைப்பதில் இத்தனை குழப்பம் என்றால் நாம் எம்மாத்திரம்!

ஆக, மார்க்கெட்டில் பாளெஹண்ணு விற்கிற அம்மா உங்கள் பெண்ணை யாளினி என்று கூப்பிட்டால் அது அலட்சியம் இல்லை. அவர்கள் மொழி ழ-வை எப்படி எடுத்துக்கொண்டதோ அதே வழியில் உங்கள் பெண்ணையும் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களைத் திருத்தப் போகுமுன் நம் பக்கத்தையும் பார்க்கணும். தென்மாவட்டத்துச் சொந்தக்காரர்கள் வாளப்பளம் என்பார்கள், சென்னையில் வாயப்பயம். இதில் நாம் யாரைப் பார்த்துச் சிரிப்பது?

இன்னொரு தயக்கமும் உண்டு. அதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தை இந்த ஊரில் இருந்து பார்த்த பெரியவர்கள், "எதுக்குப்பா வம்பு, எந்த ஊருன்னு தெரியாத மாதிரி பொதுவா ஒரு பேர் வைங்க" என்கிறார்கள். அவர்கள் பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனசு வராது. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள்தான், நான் இல்லை. ஆனால் அதே 1991இல் அல்சூர் ஏரிக்கரையில் திறக்க முடியாமல் மூடி வைத்த திருவள்ளுவர் சிலை பதினெட்டு வருஷம் கழித்து 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. நாலு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையும் திறந்தார்கள். தன் பிள்ளையின் மழலையைக் கேட்காதவர்கள்தான் குழலையும் யாழையும் இனிது என்பார்கள் என்று சொன்ன அதே வள்ளுவர், இன்றைக்கு இந்த ஊரில் பகிரங்கமாக நிற்கிறார். நம் வீட்டு யாழினியும் நிற்கட்டுமே.

எனக்கு உண்மையில் கவலை வெளியாட்களைப் பற்றி இல்லை, நம்மைப் பற்றித்தான். நம் பிள்ளைகளில் பலருக்குப் பள்ளியில் தமிழ் கிடையாது. முதல் மொழி ஆங்கிலம், அப்புறம் கன்னடம், இந்தி. அப்பிள்ளை தமிழில் எழுதக் கற்றுக்கொள்ளும் முதல் சொல் அதன் பெயராக இருக்கும். சில வீடுகளில் கடைசிச் சொல்லும் அதுவே. ழ வைத்துப் பெயர் சூட்டிவிட்டு, வீட்டிலேயே அப்பாவும் அம்மாவும் "யாலு, யாலு" என்று கூப்பிட்டால் அந்த எழுத்து பிறப்புச் சான்றிதழோடு நின்றுவிடும். ஊரார் யாளினி என்று சொல்லலாம், வீட்டில் யாழினி என்றுதான் கேட்கணும். இதற்குத் தயார் என்றால் வைங்க. இல்லை என்றால் நிலா இருக்கிறது, கயல் இருக்கிறது, அதுவும் நல்ல தமிழ்தான்.

இனி நான் முதலில் சொன்ன சாயங்கால வேலை. யாழினியை ஆங்கிலத்தில் எப்படி எழுதப் போகிறீர்கள்? தமிழ்நாட்டு வழக்கம் ழ-வுக்கு இஸட்-எச். கோழிக்கோடு, ஆலப்புழா எல்லாம் அப்படித்தான். வடக்கே போனால் அதை ஸ, ஜ என்று வாசிப்பார்கள், கனிமொழி அங்கே கனிமோஜி ஆவது போல. இரண்டாவது வழி எல். 'தமிழ்', 'ஈழம்' என்ற சொற்களையே ஆங்கிலத்தில் எல் போட்டுத்தானே எழுதுகிறோம். மூன்றாவது, யாழ்ப்பாணத்தார் சிலர் போடுகிற ஆர்-எல். இதோடு 'யா'வுக்கு ஒரு ஏ-யா, இரண்டு ஏ-யா என்பதையும் சேர்த்தால் மூவிரண்டு ஆறு. ஒரு குழந்தைக்கு ஆறு எழுத்துக்கூட்டல்!

ஆறில் எது சரி என்று அடித்துக்கொள்ள வேண்டாம். ஊர்ப் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புப்படி ஆங்கிலத்தில் மாற்றப்போகிறோம் என்று 2020 ஜூனில் தமிழக அரசே ஆயிரத்துச் சொச்சம் ஊர்களுக்குப் பட்டியல் வெளியிட்டு, ஆளாளுக்குக் கேள்வி கேட்டதில் சில நாளில் வாபஸ் வாங்கியது. நான் இஸட்-எச், ஒரே ஏ என்பேன். நீங்கள் வேறு தேர்ந்தெடுக்கலாம். ஒன்றைப் பிடித்தால் அதையே கடைசிவரை பிடிக்கணும், அவ்வளவுதான். கர்நாடகத்துப் பிறப்புச் சான்றிதழில் கன்னடமும் இருக்கும். அங்கே ள போட்டு யாளினி என்று கன்னடத்தில் நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். கணினியில் உட்காருகிறவர் ஆங்கிலத்தைப் பார்த்து ஊகித்து அடித்தால் என்ன வருமென்று சொல்ல முடியாது.

இது ஏன் முக்கியம் என்றால், 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். பெண்குழந்தைக்குப் பத்து வயதுக்குள் செல்வமகள் சேமிப்புக் கணக்கு துவங்கணும் என்றாலும் அதைத்தான் கேட்போம். 15 வருஷம் பணம் கட்டி 21ஆவது வருஷம் முதிர்வுத் தொகை வாங்க அவள் வந்து நிற்கும்போது, சான்றிதழில் ஒரு யாழினி, ஆதாரில் ஒரு யாழினி, பான் கார்டில் இன்னொரு யாழினி என்றிருந்தால் அஃபிடவிட், நோட்டரி, இரண்டு நாள் லீவு எல்லாம் அவள் தலையில்தான். அவசரமும் வேண்டாம். பெயர் போடாமல் பிறப்பைப் பதிந்துவிட்டு, ஒரு வருஷத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் தாமதக் கட்டணம் கட்டி 15 வருஷம் வரை இடம் உண்டு. நல்ல நேரம் போகுதேன்னு மருத்துவமனைப் படிவத்தில் கிறுக்கிக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

உங்கள் வீடுகளில் ழ வைத்த பெயர்கள் என்னென்ன? குழந்தையின் கன்னட வாத்தியார், இந்தி வாத்தியார் எப்படிக் கூப்பிடுகிறார்கள்? ஆங்கிலத்தில் நீங்கள் எந்த எழுத்தைப் போட்டீர்கள்? சொல்லுங்கள். அடுத்து என்னிடம் கேட்க வரப்போகிற வீட்டுக்கு உதவும்.