அசைந்தும் தின்னும், அசையாமலும் தின்னும்

"யானை அசைந்து தின்னும்; வீடு அசையாமல் தின்னும்" என்பது நம் முன்னோர் கண்ட கணக்கு. அவர்கள் காலத்தில் மோட்டார்க் கார் இருக்கவில்லை. இருந்திருப்பின், மூன்றாவது வாக்கியமொன்றையும் சேர்த்தே நமக்கு விட்டுச் சென்றிருப்பார்கள். கார் என்பது ஓடும்போதும் தின்னும். ஓடாது முற்றத்தில் நிற்கும்போதும் தின்னும். அதிலும், பிறர் ஓட்டித் தீர்த்த பழைய பெருங்கார் தின்னும் தீனி எவ்வளவு என்பதை, வாங்கியவரின் மனைவியைக் கேட்டால் விவரமாய்ச் சொல்லுவார்.

மருதமுனை தொடங்கி அக்கரைப்பற்று வரையுள்ள நமது கரையோர ஊர்களில் இக்காலம் நம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் வினா ஒன்றுண்டு. "நல்ல பழைய பென்ஸ் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. இரண்டரை இலட்சம் கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. வாங்கலாமா?" என்பதே அது. கல்லூரியில் பௌதிகவியல் கற்பிப்பவர் கார் பற்றியும் அறிந்திருப்பார் என்று பெற்றோர் எண்ணுகின்றனர் போலும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை கூறுவதிலும், இப்பகுதியில் ஒருமுறை எழுதிவிடுவது நன்று.

இவ்வாசை எழுந்ததற்குக் காரணம் இல்லாமலில்லை. 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறந்துவிடப்பட்டது. திறந்த வாசலிலும் வரி என்னும் பெரும் பூட்டுத் தொங்குகிறது. ஆகவே, நாட்டினுள் ஏற்கெனவே உள்ள கார்களே கைமாறிக் கைமாறி ஓடுகின்றன. இது நமக்குப் புதிதுமன்று. 1960களிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி சுருங்கியது. 1977க்குப் பின்னரே அந்நிலை தளர்ந்தது. அந்நாளில் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரினையும் பெஜோவையும் பல்லாண்டு உயிரோடு வைத்திருந்த கைகள் நம் நாட்டுக் கராஜ்களின் கைகளே. பழையதைக் காக்கும் கலை நம்மிடம் உண்டு. ஆனால், மொறிஸ் மைனரைக் காத்தல் வேறு. மின்னணுக் கருவிகள் நிறைந்த பெருங்காரைக் காத்தல் வேறு.

முதலில் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். காலம் செல்லச் செல்லக் காரின் விலை இறங்கும். அதன் பாகங்களின் விலை இறங்காது. செல்வந்தர் ஒருவர் புதிதாய் வாங்கிய காரை நாம் சிறுகாரின் விலைக்கு வாங்கிவிடலாம். ஆனால் அதன் கியர்பெட்டியும், தொங்கமைப்பும், குளிரூட்டியும் "இப்போதைய உரிமையாளர் ஆசிரியர்தானே" என்று இரக்கங் காட்டுவதில்லை. அவை செல்வந்தரின் விலையையே கேட்கும்.

நமது கரையில் இக்கணக்கு இன்னும் கனமானது. இங்கு, தமிழர் ஆயினும் முஸ்லிம்கள் ஆயினும், ஒரு பெண்பிள்ளை பிறந்தவுடனேயே தகப்பன் மனத்தில் ஒரு வீட்டின் அத்திவாரம் இடப்பட்டுவிடுகிறது. நாம் அறிந்த குடும்பமொன்றில், பல்லாண்டு வெளிநாட்டில் உழைத்து மீண்ட தகப்பனார், இளைய மகளின் வீட்டுக்கென ஒதுக்கிய பணத்திலே இருபத்தைந்தாண்டுப் பழமையான பெருங்காரொன்றை வாங்கினார். முதலாம் ஆண்டில் உறவினர் வீட்டுக் கல்யாணங்களுக்கு மாப்பிள்ளையை ஏற்றிச் சென்று கார் புகழ் பெற்றது. இரண்டாம் ஆண்டில், வெப்பங்காட்டும் முள் சற்றே மேலெழத் தொடங்கியது. "தண்ணீர் விட்டால் இறங்கிவிடும்" என்று ஓட்டினார்கள். மூன்றாம் மாதத்தில் எஞ்சினின் மேற்றலை வளைந்தது. இன்று அக்கார் தென்னையின் கீழே தார்ப்பாய் போர்த்துக் கிடக்கிறது. மகளின் வீடு யன்னல் மட்டத்தோடு நிற்கிறது. சில ஆயிரம் ரூபாவில் தீர்ந்திருக்கக்கூடிய இறப்பர்க் குழாயொன்று ஒரு வீட்டின் கூரையைத் தின்றுவிட்டது.

எனின், பெருங்கார் யாவும் பகையா? அல்ல. கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி நகரில் வாடகைக் கார் ஓட்டிய கிரிகோரியோஸ் சச்சினிடிஸ் என்பவரின் கதையைக் கேளுங்கள். 1976ஆம் ஆண்டில் செய்யப்பட்ட பென்ஸ் 240 டீ என்னும் காரை அவர் 1981இல் வாங்கினார். புதிதாக அன்று, ஏறக்குறைய 2,20,000 கிலோமீற்றர் ஓடிமுடித்த பழைய காராக. 2004ஆம் ஆண்டில், 46 இலட்சம் கிலோமீற்றர் ஓடிய நிலையில், அதனைச் செய்த நிறுவனத்தின் அரும்பொருட்சாலைக்கே அது சென்று சேர்ந்தது. பூமியை நடுக்கோட்டில் நூற்றுப் பதினைந்து முறை சுற்றிவரும் தூரம் அது! எஞ்சின்களை மாற்றிப் பூட்டியும், தேய்ந்ததைத் தேய்ந்தவுடன் களைந்துமே அதனை ஓட்டினார். அமெரிக்காவின் ஏர்வ் கோர்டன் ஓர் ஆசிரியர், விஞ்ஞானம் கற்பித்தவர். 1966இல் வாங்கிய தம்முடைய வொல்வோ காரில் 2013ஆம் ஆண்டில் 30 இலட்சம் மைல்களைக் கடந்தார். இவ்விருவரும் தம் கார் கேட்பதை உரிய நாளிற் கொடுத்தவர்கள், அவ்வளவே.

கல்முனையில் நீண்டகாலமாய்த் தொழில் புரியும் மெக்கானிக் ஒருவரை நாம் "காக்கா" என்றே அழைப்பது வழக்கம். இக்கார்கள் வழியில் நின்றுவிடுவதன் காரணத்தை அவரிடம் வினவினோம். கையிலிருந்த எண்ணெயைத் துடைத்தவாறே அவர் சொன்னார்: "சேர், கார் பழசானதால நிக்கிறல்ல. சின்ன வேலைய நாளைக்கு நாளைக்கு எண்டு உடுறாங்க. அது பெரிய வேலையாகித்தான் எங்கிட்ட வருகுது." இதற்கு மேல் விளக்கவுரை வேண்டுவதில்லை. எனினும் அச்சிறு வேலைகள் யாவை என்பதை ஒழுங்காகக் காண்போம்.

முதலாவது தண்ணீர். இன்றைய எஞ்சின்களின் மேற்றலை பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. மிகைச்சூட்டில் எளிதில் வளைவது. ஆதலால் றேடியேட்டரில் கிணற்று நீரை ஊற்றுதல் ஆகாது. நமது கரையோரக் கிணறுகளின் நீர் பல இடங்களில் உவர்ப்பானது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பின்னர் அவை உப்பேறிக் கிடந்ததை எவரும் மறந்திரார். அந்நீர் குழாய்களின் உட்புறத்தே படிந்து வழியை அடைக்கும், உலோகத்தையும் அரிக்கும். காய்ச்சி வடித்த நீரையும் உரிய குளிர்திரவத்தையும் கையேடு கூறும் அளவிற் கலந்தே விடுதல் வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை முற்றாக மாற்றுதல் வேண்டும். வாங்கிய பழைய காரில், இறப்பர்க் குழாய்கள், தேர்மோஸ்ரற், நீர்ப்பம்பி ஆகியவற்றின் வயது தெரியாதெனின் அவற்றைப் புதுப்பித்துவிடுவதே சிக்கனம். முள் மேலேறினால் அக்கணமே நிறுத்துங்கள். சூடு ஆறும்வரை மூடியைத் திறவாதீர்கள்; பீறிடும் கொதிநீர் முகத்தை அவித்துவிடும்.

இரண்டாவது எண்ணெய். எஞ்சின் ஒயிலையும் அதன் வடியையும் ஐயாயிரம் கிலோமீற்றருக்கொருமுறை, அல்லது ஆறு மாதத்துக்கொருமுறை, எது முந்துகிறதோ அப்போது மாற்றுதல் பழைய எஞ்சினுக்கு உகந்தது. கிழமைக்கொருமுறை அளவுகோலை இழுத்துப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடமே செல்லும். தானியங்கிக் கியர்பெட்டியின் எண்ணெய் ஆயுள் முழுவதற்கும் போதும் என்பார் கூற்றை நம்பி இருந்துவிடலாகாது. அவ்வாயுள் கியர்பெட்டியின் ஆயுளேயன்றி நம்முடையதன்று. அறுபதினாயிரம் கிலோமீற்றர் அளவில் அதனையும் மாற்றுவது விவேகம்.

மூன்றாவது பிறேக். இதனை மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க. நம்மவர் அம்பாறை, மகா ஓயா, மகியங்கனை வழியாகக் கண்டிக்குச் செல்லும்போது பதினெட்டு வளைவு என்னும் மலைப்பாதையில் ஏறுகின்றனர். மீளும்போது அதிலேயே இறங்குகின்றனர். ஏறும்போது சோதிக்கப்படுவது எஞ்சின். இறங்கும்போது சோதிக்கப்படுவது பிறேக். ஆட்களும் மூட்டைகளுமாக 2000 கிலோ எடையுள்ள கார், 700 மீற்றர் உயரம் இறங்குவதாகக் கொள்வோம். அது இழக்கும் அழுத்தசக்தி ஏறத்தாழ 1 கோடியே 37 இலட்சம் யூல். முப்பது பாகை வெப்பமுள்ள 45 லீற்றர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அச்சக்தி போதும். தாழ்ந்த கியரில் இறங்கினால் அதில் ஒரு பங்கை எஞ்சின் தாங்கிக்கொள்ளும். பிறேக்கையே மிதித்து இறங்கினால் பெரும்பகுதி சக்கரங்களில் வெப்பமாய்த் திரளும். பிறேக் எண்ணெயோ காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டொட் 4 வகை எண்ணெய் புதிதாய் இருக்கையில் குறைந்தது 230 பாகை வரை கொதியாது. ஈரமேறிப் பழுதானபின் அவ்வெல்லை 155 பாகை அளவுக்கு இறங்கிவிடலாம். எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவி நிறையும், ஆவி அமுங்கும், மிதிகட்டை வெறுமனே உள்ளே போகும். இரண்டாண்டுக்கொருமுறை மாற்ற வேண்டிய ஒரு போத்தல் எண்ணெயை மறந்ததன் விலை, காரிலிருக்கும் நால்வரின் உயிராக இருக்கக்கூடும்.

நான்காவது, இறப்பர். இது ஓடிய தூரத்தை மட்டுமன்று, கழிந்த ஆண்டுகளையும் எண்ணும். புஷ்களும் பட்டிகளும் வெடிப்புக் கண்டால் மாற்றுக. எஞ்சினின் வால்வுகளை இயக்குவது சிலவற்றில் சங்கிலி, சிலவற்றில் இறப்பர்ப் பட்டி. பட்டியாயின் அதன் தவணையைத் தவறவிடலாகாது. ரயரின் பக்கத்தே நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்று காணின், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்யப்பட்டது என்பது பொருள். பூ அழியாதிருந்தாலும் பத்தாண்டு கடந்த ரயரை நம்பிக் குடும்பத்தை ஏற்றாதீர்கள்.

ஐந்தாவது, நமது கரைக்கே உரிய பகைவனாகிய உப்புக்காற்று. சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் கடற்கரையோரம் நிற்கும் காரின் மேற்பூச்சு பளபளக்கும். அடித்தகடு சத்தமின்றி உக்கும். வாரமொருமுறை நல்ல நீரால் அடிப்புறத்தையும் சக்கரக் குழிகளையும் கழுவுக. கதவுகளின் அடியிலுள்ள நீர்போக்குத் துவாரங்களை மணல் அடைத்துவிடாது பார்த்துக்கொள்க. துருத் தடுப்புப் பூச்சினை ஆண்டுக்கொருமுறை பார்த்துப் புதுப்பிக்க. கழித்த எஞ்சின் ஒயிலை அடியிற் பூசும் வழக்கம் இறப்பரையும் கெடுக்கும். நிலத்தையும் நீரையும் கெடுக்கும்.

ஓடாத காருக்கும் செலவுண்டு என்றோமன்றோ? 2022ஆம் ஆண்டில் எரிபொருள் தட்டுப்பாட்டினால் கார்கள் வாரக்கணக்கில் முற்றங்களில் நின்றமை நினைவிருக்கும். நின்ற காரின் பற்றரி இறங்கும். பிறேக் தட்டில் துரு படியும். எண்ணெய் அடைப்பான்கள் காயும். ரயர் ஒரே பக்கத்தில் அமுங்கும். கல்யாணத்துக்கு மட்டும் வெளியே எடுக்கப்படும் கார், கல்யாணத்தன்றே மானத்தை வாங்குவதற்கு இதுவே காரணம். வாரத்தில் ஒருமுறையேனும் அரைமணி நேரம் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுதல் வேண்டும்.

இனி, வாங்குமுன் செய்ய வேண்டியன. எஞ்சின் ஆறிக் கிடக்கும் காலைவேளையிற் சென்று பாருங்கள். முன்னரே சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்புங்கள். நீலப்புகை எஞ்சின் ஒயில் எரிவதைக் காட்டும். ஓயாத வெண்புகையும் ஒயிலிற் பால்நிறமும் நீர் கலந்திருப்பதைக் காட்டும். தூரங்காட்டி பொய் சொல்லலாம். தேய்ந்த மிதிகட்டையும் ஸ்டியரிங்கும் பொய் சொல்லா. ஒவ்வொரு வகைக்கும் உரிய பிறவிக் குறையையும் விசாரியுங்கள். 1992 முதல் 1995 வரையில் வந்த பென்ஸ் கார்கள் பலவற்றில் எஞ்சின் மின்கம்பிகளின் மேலுறை நாளடைவில் உதிர்ந்துவிடுவது யாவரும் அறிந்தது. அது மாற்றப்பட்டதா என்று கேட்பதற்கு வெட்கம் வேண்டா.

காரின் விலையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கார் வாங்கப் போகாதீர்கள். அவ்விலையின் நாலிலொரு பங்காவது முதலாண்டுச் செலவுக்கென மிஞ்சியிருத்தல் வேண்டும். அதன்பின் மாதந்தோறும் ஒரு தொகையைக் காரின் பெயராலேயே ஒதுக்குங்கள். அது இயலாதெனின், சிறிய காரொன்றை வாங்கி நிம்மதியாகத் துயிலுவது மேல். மாப்பிள்ளையை அழைத்துச் செல்ல ஒருநாள் பெருங்காரை வாடகைக்கு எடுப்பதில் இழிவேதுமில்லை.

முடிவாக, இருநூறு பக்க அப்பியாசக் கொப்பியொன்றை வாங்கிக் காரினுள் வையுங்கள். எந்தத் திகதியில், எத்தனையாவது கிலோமீற்றரில், எது மாற்றப்பட்டது, என்ன செலவாயிற்று என்பவற்றை எழுதும் பொறுப்பை வீட்டிலுள்ள மாணவர் ஒருவரிடம் ஒப்படையுங்கள். மெக்கானிக்குக்கு அக்கொப்பி நோயாளியின் சரித்திரம்; விற்கும் நாளில் அதுவே நற்சாட்சிப் பத்திரம். ஆண்டு முடிவில் கூட்டுத்தொகையைக் குடும்பத்தார் யாவரும் கேட்க உரக்க வாசிக்கச் செய்யுங்கள். அத்தொகையைக் கேட்டபின்னும் வீட்டாரின் முகம் மலர்ந்திருக்குமாயின், நீங்கள் அக்காரை வைத்திருக்கலாம்.