வேட்டைத் தோட்டா செம்புக்கு மாறட்டும்

மேசைமேல் ஒரு சின்னத் தராசு. குமிழைத் திருகத் திருக, உடைத்த மிளகு போன்ற வெடிமருந்துத் துணுக்குகள் ஒவ்வொன்றாகத் தட்டில் உதிர்கின்றன. கணக்கெல்லாம் கிரெயினில்தான். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். ஒரு கிரெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம். அதில் பத்தில் ஒரு பங்கு கூடிவிட்டாலும் கொட்டிவிட்டு மறுபடி நிறுக்கிறார்கள், தங்கள் தோட்டாவைத் தாங்களே தயாரிக்கும் அமெரிக்க வேட்டைக்காரர்கள்.

அங்கே இது சட்டம் அனுமதிக்கும் கைவேலை. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைத் துடைத்து, அச்சில் அழுத்திப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவார்கள். நீண்டுபோன கழுத்தை வெட்டிச் சமன்செய்து, மருந்தைப் பற்றவைக்கும் புது ப்ரைமர் பொருத்தி, மருந்து இட்டு, குண்டைப் பதிப்பார்கள். குண்டைப் பதிக்குமுன் கூடுகளை வரிசையாக நிறுத்தி, விளக்கு அடித்து, எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது புதியவருக்கு முதலில் சொல்லித்தரும் பழக்கம். மருந்து மிஞ்சிய ஒரே தோட்டா துப்பாக்கியையே பிளந்துவிடலாம்.

இவ்வளவு பாடும் ஒரே குண்டில் மான் விழ வேண்டும் என்பதற்காக. காயத்தோடு ஓடிப் புதருக்குள் கிடந்து அது துடிக்கக் கூடாது. 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நோஸ்லர் சுட்ட குண்டுகள், சேறு அப்பிய மூஸ் என்னும் பெரிய மானின் தோலிலேயே சிதறிப்போயின. அந்த உறுத்தலில் அவர் நடுவில் தடுப்புச்சுவர் வைத்த புதுவகைக் குண்டைச் செய்தார். அக்கறை உள்ள வேட்டைக்காரரின் மரபு அது.

அந்த அக்கறை மான் விழுந்ததோடு நின்றுவிடலாமா? ஈயக் குண்டு உடலுக்குள் நொறுங்குகிறது. ஈயக் குண்டுபட்ட மான்களின் மிச்சங்களை ஆய்வாளர் கிரெய்ஞ்சர் ஹன்ட் குழுவினர் எக்ஸ்ரே எடுத்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். 94 சதவீத மாதிரிகளில் ஈயத் துகள்கள் தெரிந்தன. வேட்டைக்காரர் மானைக் காட்டிலேயே கிழித்து, குடலை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார். அதைத் தின்ன வருவது கலிபோர்னியா கண்டோர், நம்மூர்ப் பாறுக்கழுகைப் போலப் பிணம் தின்று வாழும் பெரும்பறவை. ஈயம் ஏறினால் அதன் செரிமானப் பாதை செயலிழக்கிறது. வயிற்றில் இரை இருந்தும் பட்டினியால் சாகிறது. 1982இல் உலகிலேயே 22 கண்டோர்கள்தான் மிஞ்சியிருந்தன. கூண்டில் வளர்த்துக் காட்டில் விட்ட பிறகும் அவற்றை அதிகம் கொல்வது ஈயம்தான்.

மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் வலிநிவாரண ஊசி, செத்த மாட்டைத் தின்ற பாறுகளைக் கொன்ற கதையை அறிந்த நமக்கு இது விளங்கும். இந்தியா 2006இல் அந்த மருந்தைக் கால்நடைக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது.

மாற்று 1989இலிருந்தே இருக்கிறது. முழுக்கச் செம்பில் செய்த பார்ன்ஸ் நிறுவனக் குண்டு நொறுங்காமல் பூவிதழ் போல விரிகிறது. 'செம்பு குறி பிசகும், விலையும் அதிகம்' என்பார்கள். விலை அதிகம்தான். ஆனால் குறி பிசகுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஈயக் கணக்கில் செம்பைச் சுடுவதே. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைவு. அதே எடைக்குக் குண்டு நீளமாகும். அதனால் 180 கிரெயின் ஈயக் குண்டு சுட்டவர் 150 அல்லது 165 கிரெயின் செம்புக்கு இறங்க வேண்டும். குழலில் படிந்த பழைய உலோகக் கறையைச் சுத்தமாக நீக்க வேண்டும். மருந்தளவை அந்தக் குண்டுக்கென்றே அச்சிட்ட கையேட்டில் பார்த்து, குறைந்த அளவிலிருந்து தொடங்க வேண்டும். கடையில் வாங்குபவருக்கு மருந்தளவை மாற்றிப் பார்க்கும் வசதி கிடையாது. தராசும் அச்சும் வைத்திருப்பவர், தன் துப்பாக்கிக்கு ஒத்துவரும்வரை மாற்றி மாற்றிப் பார்க்கலாம்.

ஆகவே, புதிதாகக் கற்க வருபவர் கையில் முதல் நாளே செம்புக் குண்டைக் கொடுக்க வேண்டும். ஈயத்தில் பழகியபின் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால், பழகிய கை எளிதில் மாறாது.

மாற்றத்துக்குச் சட்டம் ஒரு வழி. கலிபோர்னியாவில் வேட்டைக்கு ஈயக் குண்டு 2019 ஜூலை 1 முதல் முழுத் தடை. அரிசோனாவில் தடை இல்லை. அங்கே கண்டோர் பறக்கும் பகுதிக்கு வேட்டையாட வருவோருக்கு மாநில வனவிலங்குத் துறை 2005இல் ஈயமில்லாத் தோட்டாவை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அந்த முயற்சிக்கு ஒத்துழைத்திருக்கிறார்கள்.