பீடித் தட்டை இறக்கி வையுங்கள், தோழர்களே!

கூலி உயர்வுக்காகப் பீடிக்கடை வாசலில் உட்கார்ந்த தோழர்களே, அக்காமாரே, மதினிமாரே!

இந்த முறை நம் உயிருக்காகத் தெருவில் இறங்க வேண்டியிருக்கிறது. அடுத்த பெருந்தொற்று எந்த ஆண்டு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்தால் முதலில் யாரைச் சாய்க்கும் என்பதைக் கொரோனா காட்டிவிட்டுப் போயிருக்கிறது.

2020இல் நம் நெல்லை மேலப்பாளையத்தைக் கொரோனாவுக்காகத் தடுப்பு கட்டி அடைத்தார்கள். நோயோடு ஊரையும் மதத்தையும் சேர்த்துப் பேசினார்கள். அந்தக் கூச்சலில் கேட்க வேண்டிய கேள்வி அமுங்கிப்போனது: தொற்று கண்டவர்களில் பெரும்பாலோர் பிழைத்தார்களே, பிழைக்காதவர்கள் யார்? தமிழ்நாடு, ஆந்திரத் தரவுகளை வைத்து அதே ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு பதில் சொன்னது. இறந்தவர்களில் 45 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. 36 சதவீதம் பேருக்கு ரத்தக் கொதிப்பு. வயது ஏற ஏற ஆபத்தும் ஏறியது. ஆண்கள் கூடுதலாக இறந்தார்கள். மருத்துவமனையில் சேர்ந்து இறந்தவர்களில் பாதிப்பேர் ஐந்து நாளுக்குள் முடிந்துபோனார்கள். வந்து சேர்வதற்குள் காலம் கடந்துவிட்டது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

இப்போது நம் வீட்டைப் பாருங்கள். காலையில் மடியில் ஏறிய தட்டு விளக்கு வைத்த பிறகுதான் இறங்குகிறது. நாள் முழுக்க ஒரே இருப்பு, மூக்கில் புகையிலைத் தூள். சர்க்கரை மாத்திரை அட்டை இலைக்கட்டுக்குப் பக்கத்தில் கிடக்கும். தீர்ந்துவிடக் கூடாதே என்று ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிற அக்காக்கள் எத்தனை பேர்! அரைநாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் அரைநாள் கூலி போச்சு. 2020இல் தமிழக அரசு எடுத்த கணக்கெடுப்பில், சர்க்கரை உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் பத்தில் ஒருவர்தான். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. உங்கள் தெருவில் யார் பெயரெல்லாம் அதில் விட்டுப்போயிருக்கிறது?

2021 மே மாதத்தை மறக்க முடியுமா? மகேந்திரகிரி இஸ்ரோ மையத்திலிருந்து திரவ ஆக்சிஜன் மருத்துவமனைகளுக்குப் போன மாதம் அது. நெல்லை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்களுக்கு ஆக்சிஜனின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகும் சிலர் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ‘நல்லாத்தான இருக்காக’ என்று வீட்டில் வைத்துக்கொண்ட அந்த ஒன்றிரண்டு நாள்தான் உயிரைக் குடித்தது. ஆக்சிஜன் அளவை விரலில் மாட்டிப் பார்க்கிற அந்தச் சின்னக் கருவி தெருவுக்கு ஒன்றாவது இருக்க வேண்டும்.

தடுப்பூசியைப் பற்றி இன்னும் தயங்குகிறவர்களுக்கு நம் காவலர்களின் கணக்கைச் சொல்லுங்கள். 2021இல் தமிழகக் காவல்துறையில் ஊசி போடாத 17,059 பேரில் 20 பேர் கொரோனாவில் இறந்தார்கள். இரண்டு ஊசியும் போட்ட 67,673 பேரில் இறந்தவர்கள் 4 பேர்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். வைரஸ் மாறினால் ஆபத்தில் இருப்பவர்களும் மாறலாம். 1918 காய்ச்சல் இருபது முதல் நாற்பது வயதுக்காரர்களைத்தான் அதிகம் வாரிக்கொண்டு போனது. ஆகவே ‘எனக்கென்ன, இளவட்டம்’ என்று யாரும் ஒதுங்கி நிற்க வேண்டாம். கர்ப்பிணிகளையும் விட்டுவிடாதீர்கள், கொரோனா அவர்களையும் கடுமையாகத் தாக்கியது.

வரும் ஞாயிறு தட்டை இறக்கி வையுங்கள். மேலப்பாளையம், பேட்டை, முக்கூடல், வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று ஒவ்வொரு ஊரிலும் தெருவுக்கு இரண்டு பேர் நோட்டோடு கிளம்புங்கள். அறுபது தாண்டியவர் யார், சர்க்கரை, கொதிப்பு, இளைப்பு, சிறுநீரகக் கோளாறு யாருக்கு, தனியாக இருப்பவர் யார், மாத்திரை நின்றுபோனவர் யார் என்று எழுதுங்கள். பிசான நடவுக்குப் போகிற வயல் கூலிகளின் வீடுகளையும் சேருங்கள். அந்த விவரம் வெளியே கசியக் கூடாது. பீடிக்கடைக்காரர் கைக்குப் போகவே கூடாது. திங்கள் காலை, மாத்திரை நின்றுபோனவர்களைக் கூட்டிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவோம். அன்றைய கூலியைப் பிடிக்காதே என்று கடையில் கேட்க நான் வருகிறேன். நீங்களும் வாருங்கள்!