வறண்ட ஆற்றை நம்பலாமா?

பிரயாணிகளில் இரண்டு வகையார் உண்டு. போய்ச் சேருவதற்காகப் போகிறவர்கள் ஒரு வகை. போவதற்காகவே போகிறவர்கள் மற்றொரு வகை. முதல் வகையாருக்கு ஆகாய விமானம் இருக்கிறது. இரண்டாவது வகையாருக்கென்றே ஏற்பட்டது 'காரவான்' என்னும் வீட்டு வண்டி. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி யாவும் அதற்குள் அடக்கம். பாரசீக பாஷையில் கூட்டமாகச் செல்லும் வர்த்தகர்களைக் குறித்த சொல், ஐரோப்பாவில் சக்கரம் பூண்ட வீட்டுக்குப் பெயராகிவிட்டது.

இத்தகைய வண்டியில் ஸ்பெயின் தேசத்து மத்தியதரைக் கடற்கரையோரமாகச் சாவகாசமாய்ச் செல்வதற்கு இலையுதிர் காலமே உகந்தது என்பார்கள். காரணம் இல்லாமல் இல்லை. கோடைக் கூட்டம் கலைந்துவிடும். வெயிலின் உக்கிரம் தணிந்துவிடும். ஆனால் கோடை முழுவதும் சூடேறிய கடல் மட்டும் இன்னும் ஆறியிராது. இந்தக் கடைசி விஷயத்தை நேயர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காசு செலவில்லாத மனோரதத்தில் ஏறி நாமும் புறப்படலாம். ஆனால் அத்தேசத்துப் போக்குவரத்துச் சட்டத்தின் நுட்பம் ஒன்றை முதலில் அறிந்துகொள்வது நலம். அனுமதியுள்ள இடத்தில் வண்டியை நிறுத்தி உள்ளே தூங்கினால், அது வெறும் 'நிறுத்தம்'. வெளியே நாற்காலி போட்டுப் பந்தலை விரித்தாலோ, அது 'முகாம்' ஆகிவிடும். அதற்கென்று ஏற்பட்ட இடத்தில்தான் செய்ய வேண்டும். தூங்குவது குற்றமல்ல, காற்று வாங்குவதுதான் குற்றம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்!

பார்ஸிலோனாவுக்குத் தெற்கே எப்ரோ நதி கடலில் கலக்கும் இடத்தில் கண்ணுக்கெட்டிய வரையில் நெல் வயல்கள். செப்டம்பரிலும் அக்டோபரிலும் அங்கே அறுவடை. நீர் தேங்கிய நிலங்களில் பூநாரைகள் ஒற்றைக் காலில் தவம் செய்கின்றன. இன்னும் தெற்கே சென்றால் வாலென்சியாவின் ஆரஞ்சுத் தோட்டங்கள். ஸ்பானிய பாஷையில் ஆரஞ்சுக்கு 'நாரஞ்சா' என்று பெயர். அச்சொல் அரபியிலிருந்து வந்தது. அரபிக்குப் பாரசீகத்திலிருந்தும், பாரசீகத்துக்கு ஸம்ஸ்கிருதத்திலிருந்தும் வந்தது. அதற்கும் மூலம் திராவிட பாஷை ஒன்றாக இருக்கலாம் என்று சொல்லாராய்ச்சி வல்லுநர் பலர் கருதுகின்றனர். நம் வீட்டு ஊறுகாய்ச் சாடியிலுள்ள நாரத்தைக்கு அங்கே தூரத்து உறவினர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

நெல்லும் ஆரஞ்சும் தண்ணீரின்றி விளையுமா? மழை குறைந்த அந்தச் சீமையில் அராபியர் காலத்திலேயே வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்தார்கள். அதன் வாரிசாக இன்றும் விளங்குவது வாலென்சியாவின் தண்ணீர் நியாயசபை. வியாழக்கிழமை தோறும் நடுப்பகலில், நகரத்துப் பெரிய தேவாலயத்தின் வாயிலில், வாய்க்கால்களின் பிரதிநிதிகள் கறுப்பு அங்கி தரித்து வட்டமாக அமர்கிறார்கள். அவர்கள் விவசாயிகளே. வக்கீல் இல்லை, எழுத்து மூலமான விசாரணை இல்லை, அப்பீலும் இல்லை. முறை தவறித் தண்ணீர் பாய்ச்சியவனுக்கு அங்கேயே தீர்ப்பு. இச்சபையை 2009-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஸ்தாபனம் மனித குலத்தின் பாரம்பரியச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

இனி, நினைவில் வைக்கச் சொன்ன விஷயத்துக்கு வருவோம். இக்கரையில் 'ராம்ப்ளா' எனப்படும் ஓடைகள் பல உண்டு. மணல் என்று பொருள்படும் அரபிச் சொல்லிலிருந்து பிறந்த பெயர். பொருத்தமான பெயர்தான், வருஷத்தில் பெரும்பகுதி அங்கே மணலைத் தவிர வேறொன்றும் இராது. சமதளம், கடலுக்குச் சமீபம், வாடகை கேட்பார் இல்லை. வீட்டு வண்டிக்காரனுக்கு இதைவிட ஆசை காட்டும் இடம் வேறு வேண்டுமா?

ஆனால் இலையுதிர் காலத்தில், சூடாறாத கடலின் மேலே உயரத்தில் குளிர்ந்த காற்று வந்து தங்குவதுண்டு. அப்போது ஈரக் காற்று மேலெழுந்து, கரையை அடுத்த மலைகளில் முட்டி, ஒரு வருஷத்து மழையைச் சில மணி நேரத்தில் கொட்டிவிடுகிறது. 1957 அக்டோபரில் தூரியா நதி பெருகி வாலென்சியா நகரையே மூழ்கடித்தது. 80-க்கு மேற்பட்டோர் மாண்டனர். பிறகு நதியையே நகரத்துக்குத் தெற்கே திருப்பிவிட்டார்கள். பழைய ஆற்றுப் படுகை இன்று பூங்காவாக இருக்கிறது.

2024 அக்டோபர் 29-ஆம் தேதி, தூரிஸ் என்னும் ஊரில் 24 மணி நேரத்தில் 770 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. புதிய கால்வாயின் புண்ணியத்தால் நகரம் தப்பியது. அதற்குத் தெற்கேயுள்ள ஊர்கள் மூழ்கின. பைபோர்த்தா என்னும் ஊரில் மழை அதிகமில்லை. மேற்கே மலையில் பெய்த மழைதான் ஓடை வழியாகப் பாய்ந்து வந்தது. வானிலை நிலையத்தார் காலையிலேயே உச்ச எச்சரிக்கை விடுத்திருந்தனர். எனினும், ஜனங்களின் கைத் தொலைபேசிகளுக்கு அதிகாரிகளின் அபாய அறிவிப்பு வந்தது இரவு 8 மணிக்குப் பிறகே. அதற்குள் வெள்ளம் பல வீடுகளில் புகுந்துவிட்டது. அப்பிராந்தியத்தில் 220-க்கு மேற்பட்ட உயிர்கள் மடிந்தன.

போதாத தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ள வாரந்தோறும் கூடும் சபை, பல நூற்றாண்டுகளாக அங்கே இருக்கிறது. மிஞ்சிய தண்ணீர் வருகிறது என்று சொல்வதற்கு மட்டும் அன்று மாலை நேரத்தில் ஆள் இல்லாமற் போயிற்று! பஞ்சத்தை மறவாத ஜனசமூகம் வெள்ளத்தை விரைவில் மறந்துவிடுகிறது. ஆற்றின் பாதையில் வீடு கட்டுவதும், அதில் வண்டியை நிறுத்துவதும் அந்த மறதியின் விளைவேயாகும்.

இதற்காக யாத்திரையைக் கைவிட வேண்டியதில்லை. மேட்டு நிலத்தில் தங்கலாம். உள்ளூர்ப் பெரியவர்களைக் கேட்கலாம். ஊரில் மழை இல்லாவிட்டாலும் மலைப்பக்கம் ஒரு கண் வைக்கலாம். சொட்டுத் தண்ணீர் இல்லாத மணலின் மேல் பெரிய பாலம் ஒன்று தென்பட்டால், 'இது எதற்கு?' என்று ஒரு கணம் யோசித்துப் பார்க்கலாம். பாலம் கட்டியவன் பைத்தியக்காரனல்ல.